இரண்டு இரவு, இரண்டு பேர், ஒரு பெரிய நகரம்: ஹோட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வெள்ளிமாலை:
வணக்கம் எல்லோருக்கும். நானும் என் கணவரும் வேலை காரணமாக இப்போது வேறு வேறு ஊரில் இருக்கிறோம். அடுத்த மாதம் ஒரு வெள்ளி இரவு முதல் ஞாயிறு மாலை வரை இருவருக்கும் சேர்ந்தாற்போல் நேரம் கிடைத்திருக்கிறது. ஏதாவது ஒரு பெரிய நகரத்துக்குப் போய், சொந்தக்காரர் நண்பர் என்று யாரையும் பார்க்காமல், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். எந்த நகரம் என்று இன்னும் முடிவாகவில்லை, அதனால் ஹோட்டல் பெயர் கேட்கவில்லை, தேர்ந்தெடுக்கும் விதத்தைத்தான் கேட்கிறேன். புக்கிங் தளத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் வருகிறது, எல்லாவற்றிலும் வெள்ளை விரிப்பு, எல்லாவற்றுக்கும் 8-க்கு மேல் மதிப்பெண். நட்சத்திரத்தைப் பார்ப்பதா, மதிப்பெண்ணைப் பார்ப்பதா? நகரத்தின் நடுவில் எடுப்பதா, கொஞ்சம் தள்ளி எடுப்பதா? "ரொமான்ஸ் பேக்கேஜ்" என்று கூடுதல் காசுக்கு விற்கிறார்களே, அது எடுக்கலாமா? இருப்பது இரண்டே இரவு, அதில் ஒன்றைக்கூட வீணாக்க மனசில்லை.

முன்மேசை:
தோழி, நான் பல வருடம் ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்த்தவன். நீங்கள் காசு கொடுப்பது ஹோட்டலுக்கு, ஆனால் இருக்கப்போவது அதில் ஒரே ஒரு அறையில். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரே கட்டடம், ஒரே வகை, ஒரே விலை, ஆனாலும் இரண்டு அறைகளுக்கு நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். ஒன்று தாழ்வாரத்தின் கடைசியில், உள்பக்கம் பார்த்த ஜன்னலோடு இருக்கும். இன்னொன்று லிஃப்டுக்கு நேர் எதிரே, அல்லது சமையலறைப் புகைபோக்கிக்கு மேலே, அல்லது விடியற்காலை சரக்கு வண்டி வந்து நிற்கும் சின்னத் தெருவைப் பார்த்தபடி. அதனால்தான் ரிவ்யூவில் ஒருவர் சொர்க்கம் என்கிறார், அடுத்தவர் கண் மூடவே இல்லை என்கிறார், இருவரும் பொய் சொல்லவில்லை.

எந்த அறை யாருக்கு என்பதை நாங்கள் பெரும்பாலும் முந்தின நாளோ அன்று காலையோதான் பிரிப்போம். அப்போது கையில் இருக்கும் பட்டியலில் சிலருடைய பெயருக்குப் பக்கத்தில் குறிப்பு இருக்கும், "அமைதியான அறை கேட்டிருக்கிறார்", "கல்யாண நாள்", இப்படி. பலருக்கு ஒன்றும் இருக்காது. லிஃப்டுக்கு எதிரே உள்ள அறையையும் யாருக்காவது கொடுத்தாக வேண்டும். ஒன்றும் கேட்காதவருக்குத்தான் அது போகும்.

தூக்கமேசுகம்:
முன்மேசை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பது வெறும் மனப்பிரமை இல்லை. தூக்க ஆய்வாளர்கள் இதை 1966-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். அப்புறம் 2016-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது, புது இடத்தில் முதல் இரவு ஆழ்ந்து தூங்கும் நேரத்திலும் மூளையின் இடது பாதி வலது பாதியைவிடக் கொஞ்சம் விழிப்பாகவே இருப்பது தெரிந்தது. வழக்கத்துக்கு மாறான சின்னச் சத்தத்துக்கும் அந்தப் பாதி சட்டென்று எதிர்வினை காட்டியது. அதே இடத்தில் இன்னொரு முறை தூங்கியபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

உங்களுக்கு இருப்பது இரண்டு இரவு. முதல் இரவு மூளையே காவல் காக்கும், அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் கதவு அடிக்கும் சத்தம் வேறு இருந்தால் சனிக்கிழமை முழுக்க இரண்டு பேரும் எரிச்சலோடு திரிவீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டியில் படுக்கையறைக்குள் தொடர்ந்து இருக்கும் சத்தம் 30 டெசிபல், திடீரென்று எழும் சத்தம் 45 டெசிபல், இதைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று இருக்கிறது. 30 டெசிபல் என்பது கிசுகிசுப்பு அளவு. சாலையைப் பார்த்த ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் அது நடக்காத காரியம். ஆகவே எவ்வளவு அழகான பால்கனி என்றாலும் நான் முதலில் கேட்பது ஜன்னல் எந்தப் பக்கம், கண்ணாடி இரட்டை அடுக்கா என்றுதான். அப்புறம், இரண்டு இரவும் ஒரே ஹோட்டலில் இருங்கள். ஆளுக்கு ஒரு ஆசை என்று இரவுக்கு ஒரு ஹோட்டல் எடுத்தால் இரண்டுமே முதல் இரவாகிவிடும்.

நீலக்கதவு:
அமைதி அமைதி என்று சொல்லி அவரை ஊருக்கு வெளியே அனுப்பிவிடாதீர்கள். நகரத்துக்குப் போவதே அந்த நடமாட்டத்துக்காகத்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கை கோத்து நடந்தே அறைக்குத் திரும்புவதற்கு ஈடாக எதுவும் இல்லை. தள்ளி எடுத்தால் பத்தரை மணிக்கே கடைசி ரயில், டாக்ஸி என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

வரைபடப்பித்து:
நீலக்கதவு சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நடு ஊரா, தள்ளியா என்பது என்னைப் பொறுத்தவரை தவறான கேள்வி. முக்கியச் சாலைக்கு ஒரு தெரு பின்னால், அதுதான் என் விடை. பெரிய சாலையிலிருந்து ஒரே ஒரு வரிசைக் கட்டடம் நடுவில் இருந்தாலும் சத்தம் வெகுவாகக் குறையும், நடை தூரமும் கூடாது.

தளத்தில் "மையத்திலிருந்து 1 கி.மீ" என்று போட்டிருப்பது பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால் அந்த ஒரு கிலோமீட்டர் இரண்டாகிவிடும். நடந்து போகும் வழியை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். நிதானமாக நடப்பவர்களுக்குப் பத்து நிமிடம் என்பது சுமார் 800 மீட்டர். நீங்கள் மாலையில் இருக்க விரும்பும் பகுதியைச் சுற்றி அந்த அளவில் மனதுக்குள் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் மட்டும் தேடினால் நூறு ஹோட்டல் பத்தாகிவிடும்.

இந்த நடை தூரம் ராத்திரிக்கு மட்டும் வேண்டியது இல்லை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கால் வலிக்கும், வெயிலோ மழையோ இருக்கும், அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுத்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு மாலையில் புதிதாக உடை மாற்றிக் கிளம்பலாம். இருவராகப் போகும் பயணத்தில் அந்த மதிய இடைவேளைதான் எனக்குப் பிடித்த பகுதி. அறை நாற்பது நிமிடத் தொலைவில் இருந்தால் யாரும் நடுவில் திரும்ப மாட்டார்கள், காலையில் கிளம்பினால் இரவுவரை தெருவிலேயே.

வரைபடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது: தெருக் காட்சியில் ஹோட்டலின் தரைத்தளத்தில் என்ன இருக்கிறது, எதிரே பார் இருக்கிறதா, தீயணைப்பு நிலையம், ஆஸ்பத்திரி, டிராம் வளைவு ஏதாவது பக்கத்தில் உண்டா. செயற்கைக்கோள் படத்தில் கட்டடத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், உள்முற்றம் மரத்தோடு இருக்கிறதா அல்லது ஏசி இயந்திரங்கள் நிரம்பிக் கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். படம் எடுத்த தேதியையும் கவனியுங்கள், காலி மனையாகத் தெரிவது இப்போது கட்டட வேலை நடக்கும் இடமாக இருக்கலாம்.

வெள்ளிமாலை:
மதிய இடைவேளை என்று சொன்னதைப் படித்ததும் கணவருக்கு அனுப்பிவிட்டேன், அவருக்கும் அதுதான் வேண்டுமாம். சரி, நட்சத்திரம்? நான்குக்குக் குறையக் கூடாது என்று வடிகட்டி வைத்திருந்தேன்.

இருவழிப்பயணம்:
அந்த வடிகட்டியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உலகம் முழுவதற்கும் பொதுவான நட்சத்திர முறை என்று ஒன்று கிடையாது. ஐரோப்பாவில் 2009-ல் ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன் என்ற அமைப்பு தொடங்கி, அதில் சேர்ந்த நாடுகள் பொது அளவுகோல் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் அரசு நட்சத்திரமே கொடுப்பதில்லை, தனியார் அமைப்புகள்தான் தரம் பிரிக்கின்றன. புக்கிங் தளத்தில் தெரியும் நட்சத்திரம் சில சமயம் ஹோட்டல் தானே சொல்லிக்கொண்டது. முறையாகக் கொடுத்த இடங்களிலும் அது எண்ணக்கூடிய வசதிகளைத்தான் அதிகம் எண்ணுகிறது: ரிசப்ஷன் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், லிஃப்ட் உண்டா, அறையில் என்னென்ன பொருள் உண்டு என்று. கூட்டம் நடத்தும் அரங்கு, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் இருக்கும் பெரிய ஹோட்டல் உங்கள் இரண்டு இரவுக்கு என்ன கொடுக்கப்போகிறது? முப்பது அறை உள்ள மூன்று நட்சத்திர ஹோட்டலில் உங்கள் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள். என் ஓட்டு சின்ன ஹோட்டலுக்கு.

மதிப்பெண்ணிலும் ஒரு விஷயம். அது தனியாக வேலைக்கு வந்தவர், குடும்பத்தோடு வந்தவர், குழுவாக வந்தவர் எல்லோரும் சேர்ந்து போட்டது. பெரிய தளங்களில் ஜோடியாக வந்தவர்களின் ரிவ்யூவை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். பிறகு 10 போட்டவரையும் 1 போட்டவரையும் விட்டுவிட்டு 6, 7 போட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள். கோபம் இல்லாமல் குறையைச் சொல்பவர்கள் அவர்கள்தான். ரிவ்யூவுக்குள் தேடும் வசதி இருந்தால் சத்தம், சுவர், வாடை, மெத்தை, தண்ணீர் இந்த வார்த்தைகளைப் போட்டுப் பாருங்கள். "பக்கத்து அறையில் பேசுவது கேட்டது" என்று வேறு வேறு மாதத்தில் மூன்று பேர் எழுதியிருந்தால் அது அறையின் குறை இல்லை, கட்டடத்தின் குறை. எந்த அறை கேட்டு வாங்கினாலும் தீராது.

தூக்கமேசுகம்:
சுவர் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்டால் நீங்கள் பேசுவதும் அவர்களுக்குக் கேட்கும். இரண்டு பேர் தனிமை தேடிப் போகும் பயணத்தில் அதைவிடப் பெரிய குறை இல்லை.

கண்ணாடிவேண்டாம்:
யாரும் குளியலறையைப் பற்றிப் பேசவில்லையே! புதிதாகக் கட்டும், புதுப்பிக்கும் ஹோட்டல்களில் குளியலறைச் சுவரைக் கண்ணாடியாக வைக்கிறார்கள், சில இடங்களில் கழிப்பறைக்கே சரியான கதவு இல்லை, தள்ளும் பலகை ஒன்றுதான், அதுவும் முழுதாக மூடாது. சின்ன அறை பெரிதாகத் தெரியும், வெளிச்சம் உள்ளே வரும், செலவும் மிச்சம், அவர்களுக்குக் காரணம் நிறைய. எத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கும் கழிப்பறையில் கதவு வேண்டும். நெருக்கம் வேறு, அது வேறு. படங்களில் குளியலறையை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படுக்கையிலிருந்தே ஷவர் தெரிந்தால் எழுதிக் கேளுங்கள், திரை உண்டா, கழிப்பறைக்குத் தனிக் கதவு உண்டா என்று.

முன்மேசை:
முக்கியமான விஷயம். இதே வரிசையில் மெத்தையையும் கேட்க வேண்டும். "டபுள்" என்று எழுதியிருக்கும், போய்ப் பார்த்தால் இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டு மேலே ஒரே விரிப்பு. நடுவில் பிளவு. ஐரோப்பிய ஹோட்டல்களில் இது ரொம்ப சகஜம். அதே கட்டில்களைப் பிரித்துப் போட்டு ட்வினாகவும் சேர்த்துப் போட்டு டபுளாகவும் விற்கலாம் என்பதால் ஹோட்டலுக்கு அது வசதி. அமெரிக்க அளவில் குயின் என்றால் சுமார் 152 செ.மீ அகலம், கிங் என்றால் 193 செ.மீ. தளத்தில் வெறும் "பெரிய டபுள்" என்று இருந்தால் அகலம் எத்தனை, மெத்தை ஒன்றா இரண்டா என்று கேட்டுவிடுங்கள்.

அறையின் அளவும் அப்படித்தான். கிங் மெத்தை மட்டுமே கிட்டத்தட்ட 4 சதுர மீட்டர் பிடிக்கும். அறை 14 சதுர மீட்டர் என்று போட்டு, அதில் குளியலறையும் சேர்த்தி என்றால், இரண்டு பெட்டியைத் திறந்து வைத்தபின் நடக்க இடம் இருக்காது, ஒருவர் எழுந்தால் இன்னொருவர் கட்டில் மேல் ஏற வேண்டியதுதான். 20-க்கு மேல் இருந்தால் உட்கார ஒரு நாற்காலியாவது வைத்திருப்பார்கள். படத்தை நம்பாதீர்கள், அகலக் கோண லென்ஸில் எந்த அறையும் கூடமாகத் தெரியும். சதுர மீட்டரைப் பாருங்கள்.

அப்புறம் ஜன்னல். "உள்பக்க அறை" என்று விற்கும் சிலவற்றில் ஜன்னலே இருக்காது, அல்லது இரண்டடி தள்ளி எதிர்ச்சுவர். படங்களில் எல்லாவற்றிலும் திரை மூடியே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நீலக்கதவு:
பேக்கேஜ் பற்றி யாரும் சொல்லவில்லை. நாங்கள் எடுத்திருக்கிறோம், எனக்குப் பிடித்திருந்தது. அறைக்குள் நுழையும்போது நம்மை எதிர்பார்த்து யாரோ ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள் என்ற உணர்வுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கக் கூடாது.

இருவழிப்பயணம்:
அந்த உணர்வை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். இதழ்கள், பலூன், ஒரு பாட்டில், ஒரு கேக், அறை மட்டும் அதே சாதாரண அறை என்றால் அந்தக் காசில் ஒரு வகை மேலான அறையே எடுத்துவிடலாம், பெரிய ஜன்னலோ மூலை அறையோ கிடைக்கும், அது இரண்டு நாளும் உங்களோடு இருக்கும். மாறாக, மாலைவரை அறையை வைத்துக்கொள்ளலாம், காலை உணவு அறைக்கே வரும் என்று பேக்கேஜில் இருந்தால் எடுங்கள், அது நேரம் வாங்கிக் கொடுக்கிறது. குறைந்த நாள் உள்ளவர்களுக்கு நேரத்தைவிடப் பெரிய பரிசு என்ன இருக்கிறது?

நீலக்கதவு:
சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். பூவை நானே வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

வெள்ளிமாலை:
எங்களுக்கு இன்னொரு சிக்கல். நான் ஒரு ஊரிலிருந்து வருகிறேன், அவர் வேறு ஊரிலிருந்து. நான் இரவு எட்டுக்கு வந்துவிடுவேன், அவர் வந்து சேரப் பதினொன்றரை ஆகும். இது ஹோட்டலுக்குப் பிரச்சினையாகுமா? தளத்தில் புக் செய்வதா, நேரடியாகவா?

முன்மேசை:
இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

இருவர் பெயரும் புக்கிங்கில் இருக்க வேண்டும். புக் செய்தவர் பெயர் மட்டும் இருந்து மற்றவர் முதலில் வந்து நின்றால், நல்ல ரிசப்ஷனிஸ்ட் சாவியைக் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது, அது உங்கள் பாதுகாப்புக்குத்தான். அவர் பெயரில் புக் செய்து நீங்கள் எட்டு மணிக்குப் போய் நின்றால் ரிசப்ஷன் சோபாவில் மூன்றரை மணி நேரம் காத்திருக்க நேரிடும். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும், இருவரும் அட்டையைக் கையில் வைத்திருங்கள், சேர்ந்தே வந்தாலும் பல இடங்களில் இருவருடையதையும் கேட்பார்கள். கார்டும் அப்படித்தான், செக்-இன் செய்யும்போது டெபாசிட்டுக்காக ஒரு தொகையைக் கார்டில் பிளாக் செய்வது வழக்கம், அந்தக் கார்டு முதலில் வருபவர் கையில் இருக்க வேண்டும்.

எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எழுதிச் சொல்லிவிடுங்கள். ஹோட்டல்கள் சில நாள் அறை எண்ணிக்கைக்கு மேல் புக்கிங் எடுப்பது உண்டு, சிலர் வராமல் போவார்கள் என்ற கணக்கில். எல்லோரும் வந்துவிட்டால் கடைசியாக வருபவரைத்தான் வேறு ஹோட்டலுக்கு அனுப்புவோம். நீங்கள் எட்டு மணிக்கே செக்-இன் செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆனால் ரயில் தாமதமானால் போன் செய்யுங்கள், அந்த ஒரு போன் உங்கள் அறையைக் காப்பாற்றும்.

நேரடியா, தளமா என்றால், தளத்தில் தேடுங்கள், ஹோட்டலில் புக் செய்யுங்கள். தளத்துக்கு ஹோட்டல் கொடுக்கும் கமிஷன் பொதுவாக 15 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல். முன்பெல்லாம் சொந்த இணையதளத்தில் அதைவிடக் குறைத்து விற்கக் கூடாது என்று தளங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தன. பிரான்ஸ் 2015-லேயே அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் வந்தபிறகு 2024-ல் புக்கிங்.காம் அந்தப் பகுதியில் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. அதனால் நேரடியாகக் கேட்டால் குறைப்பார்கள், அல்லது விலையைக் குறைக்காமல் நல்ல அறை கொடுப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் லாபம் என்று தோன்றும்.

வரைபடப்பித்து:
விலை ஒப்பிடும்போது கடைசிப் பக்கம்வரை போய் ஒப்பிடுங்கள். முதலில் காட்டும் தொகையில் நகர வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேராமல் இருக்கலாம். அமெரிக்காவில் 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது, அரசு வரி மட்டும் பிறகு சேரலாம். மற்ற இடங்களில் ஹோட்டலிலேயே தனியாகக் கட்டச் சொல்லும் வரிகள் உண்டு. ரத்து செய்யும் கெடுவும் கவனம், அது பொதுவாக ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி.

இன்னொன்று. அலுவலகப் பகுதிகளில் உள்ள நல்ல ஹோட்டல்கள் வார நாளில் நிரம்பி வார இறுதியில் காலியாகும், விலையும் இறங்கும். ஆனால் இரவில் அந்தத் தெருக்கள் வெறிச்சோடிப் போகும். நடக்க ஆசைப்படும் உங்களுக்கு எல்லையில் உள்ள ஹோட்டலாக, அலுவலகப் பகுதியும் பழைய நகரமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், கிடைத்தால் அருமை. நகரம் முடிவானதும் அந்த வார இறுதியில் மாரத்தான், பொருட்காட்சி, பெரிய மாநாடு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இருந்தால் விலை ஏறும், தெருவும் அடைபடும்.

கண்ணாடிவேண்டாம்:
அப்போது ஹோட்டலுக்கு எழுதும் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி யாராவது போடுங்களேன். எல்லோருக்கும் உதவும்.

முன்மேசை:
சுருக்கமாக இருக்கட்டும், நீளமாக இருந்தால் யாரும் முழுதாகப் படிப்பதில்லை. நான் இப்படி எழுதுவேன்:

"வெள்ளி, சனி இரண்டு இரவு, நாங்கள் இருவர். வெகுநாள் கழித்துச் சேர்ந்து இருக்கப்போகிறோம். சாலையைப் பார்க்காத, லிஃப்டிலிருந்து தள்ளிய, பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு இல்லாத அறை கிடைக்குமா? மெத்தை ஒன்றா, இரண்டைச் சேர்த்ததா? கழிப்பறைக்கு மூடும் கதவு உண்டா? அந்த நாட்களில் கட்டட வேலையோ, ஹோட்டலில் விருந்து நிகழ்ச்சியோ உண்டா? ஒருவர் இரவு எட்டுக்கும் மற்றவர் பதினொன்றரைக்கும் வருவோம், இருவர் பெயரையும் சேர்க்க வேண்டுகிறேன்."

இணைப்புக் கதவு விஷயத்தை விடாதீர்கள். குடும்பங்களுக்காக இரண்டு அறைகளை இணைக்கும் அந்தக் கதவு வழியாகத்தான் சத்தம் அதிகம் வரும், சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும்.

மூன்று ஹோட்டலுக்கு இதையே அனுப்புங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, "412 இல்லாவிட்டால் 512 ஒதுக்குகிறோம்" என்கிற மாதிரி ஒருவர் எழுதினால் அங்கே எடுங்கள். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று மட்டும் வந்தால், யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

வெள்ளிமாலை:
எல்லோருக்கும் நன்றி. ஊர் முடிவாகிவிட்டது, நடை வட்டம் போட்டு ஏழு ஹோட்டலாகக் குறைத்து, மூன்றுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்று "பதிவு செய்யப்பட்டது" ரகம். மூன்றாவது சின்ன ஹோட்டல், மூன்று நட்சத்திரம், ஒரு பெண்மணி தன் பெயர் போட்டுப் பதில் எழுதியிருக்கிறார்: சாலைப் பக்கம்தான் பால்கனி உள்ள அறைகள், அமைதி வேண்டுமென்றால் உள்முற்றம் பார்த்த நான்காம் மாடி அறை தருகிறேன், பால்கனி இருக்காது, மெத்தை ஒன்றுதான், 180 செ.மீ, குளியலறைக்குச் சாதாரண மரக் கதவு, 22 சதுர மீட்டர் என்று. கணவருக்குப் பால்கனி மேல் ஆசை. ஆனாலும் முற்றத்து அறையையே எடுத்துவிட்டோம், இருவர் பெயரிலும். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: செக்-அவுட் பதினொன்று மணி, எங்கள் ரயில் மாலை ஐந்துக்கு. கூடுதல் நேரத்தை இப்போதே கேட்பதா, அங்கே போயா?

முன்மேசை:
சனிக்கிழமை மாலை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை யார் வருகிறார்கள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெளிவாகத் தெரியும். ஞாயிறு இரவு பல நகரங்களில் கூட்டம் குறைவு, ஒன்று, இரண்டு மணிவரை சும்மாவே கொடுப்பார்கள். கொடுக்க முடியாவிட்டால் பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டு வெளியே போய் வரலாம், அதற்குக் காசு கேட்பது அபூர்வம். அந்தப் பெண்மணியிடமே கேளுங்கள், உங்களை அவருக்கு ஏற்கெனவே தெரியும்.